கேடட் பைலட் திட்டம்: காசு கட்டும் முன்பும் காத்திருக்கும்போதும்

ஏர்லைன் பெயரில் கேடட் பைலட் விளம்பரம் வந்ததும் வீட்டில் எல்லோரும் அதை வேலைக்கான அழைப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் நடக்கும் திட்டங்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. பயிற்சி தருவது ஒரு பறக்கும் பள்ளி. பணம் கட்டுவது மாணவர். ஏர்லைன் தருவது தன் பெயரையும், தேர்வு நாளில் ஓர் அதிகாரியையும், எல்ஓஐ (லெட்டர் ஆஃப் இன்டென்ட்) என்று, எடுக்கும் எண்ணத்தை நிபந்தனைகளோடு சொல்லும் ஒரு கடிதத்தையும்தான். புகைச்சல் எல்லாம் இந்த மூன்று தரப்பு ஏற்பாட்டில்தான் ஆரம்பிக்கிறது. பேட்ச் ஏன் தள்ளிப்போனது என்று பள்ளியைக் கேட்டால் "ஏர்லைன் சொல்லணும்" என்பார்கள். ஏர்லைனைக் கேட்டால் "உங்க ஒப்பந்தம் பள்ளியோடதானே" என்பார்கள். காகிதப்படி இரண்டு பதிலும் சரிதான், சங்கடமே அதுதான்.

ஆகவே தொடக்கத்திலேயே இரண்டு கணக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். மெடிக்கல், டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) தேர்வுகள், சிபிஎல் (வணிக விமானி) உரிமம், பறந்த கணக்கை எழுதும் லாக்புக்கில் ஏறிய மணிநேரம் ஆகியவை உங்கள் பெயரில் இருப்பவை. எந்த ஏர்லைனுக்கும் எடுத்துக்கொண்டு போகலாம். பேட்ச் தேதி, டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டும் தகுதி) இடம், பணியில் சேரும் நாள் ஆகியவை அவர்கள் கையில் இருப்பவை. முதல் கணக்கை எப்போதும் ஒரு படி முன்னால் வைத்திருந்தால், இரண்டாவதில் வரும் தாமதம் எரிச்சலோடு போய்விடும். இல்லாவிட்டால் கடன் தவணையோடு வந்து நிற்கும். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் போட்டதுதான்.

படி 1: விண்ணப்பத்துக்கு முன்னால் மெடிக்கல்

பலர் தேர்வுக் கட்டணம் கட்டி, நேர்காணல் முடித்து, அதற்குப் பிறகே மெடிக்கலுக்குப் போகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் உள்ளூர்க் கண் மருத்துவரிடம் நிறக்குருடு சோதனை. சில நூறு ரூபாய்ச் செலவுதான். அங்கே சிக்கல் என்றால் மற்ற எதற்கும் பணம் செலவழிக்குமுன் தெரிந்துவிடும். கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை, வரம்புக்குள் இருந்து, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும்.

அடுத்தது கிளாஸ் 2 என்ற முதற்கட்ட மெடிக்கல். டிஜிசிஏ பட்டியலில் உள்ள மருத்துவரிடம் செய்ய வேண்டும். ரத்தம், சிறுநீர், ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, கேட்புத்திறன் சோதனை, கண் அறிக்கை எல்லாம் கேட்பார்கள். அது டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளத்தில் ஏறி, கோப்பு எண் கிடைத்த பிறகு, வணிக விமானிக்குத் தேவையான கிளாஸ் 1 மெடிக்கல். விமானப்படையின் மையங்கள் பெங்களூரு, டெல்லி, ஜோர்ஹாட்டில் உள்ளன. டிஜிசிஏ அனுமதித்த தனியார் மையங்களும் உண்டு. முதல் கிளாஸ் 1-ஐ எந்த மையத்தில் செய்யலாம் என்பதை டிஜிசிஏ தளத்தில் உள்ள பட்டியலில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். எடை, ஹீமோகுளோபின் போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களுக்குத் "தற்காலிகத் தகுதியின்மை" தருவது சாதாரணம். பதற வேண்டாம், மறுசோதனை உண்டு. ஆனால் அதில் மாதங்கள் போகும். பேட்ச் தேதி வந்த பிறகு இது நடந்தால், இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

படி 2: பெயரும் கம்ப்யூட்டர் நம்பரும்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேவை. வேறு பாடம் படித்தவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் இந்த இரண்டை மட்டும் எழுதிச் சேர்க்கலாம். டிஜிசிஏ தேர்வு எழுதக் கம்ப்யூட்டர் நம்பர் என்ற பதிவு எண் வேண்டும், அதற்குப் பள்ளிச் சான்றிதழின் உண்மைத்தன்மையை வாரியம் உறுதிசெய்ய வேண்டும். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தை அணுக வேண்டியிருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. மதிப்பெண் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு பெயர், ஆதாரில் மூன்றாவது. இ-ஜிசிஏவில் ஒரு பெயர் ஏறிவிட்டால் மெடிக்கல், தேர்வு, உரிமம் எல்லாம் அதே பெயரில் ஓட வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் திருத்திவிடுங்கள். பிறகு திருத்துவது நடக்கும், ஆனால் உங்கள் உரிமக் கோப்பு மேசையில் கிடக்கும்போது அந்த வேலையில் இறங்காதீர்கள்.

தேர்வுகள்: ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். கடைசித்தாள் நீங்கள் பறக்கும் விமான வகையைப் பொறுத்தது, அதைப் பள்ளியில் சேர்ந்த பிறகு எழுதலாம். இவற்றோடு ரேடியோ உரிமத்துக்கான ஆர்டிஆர் தேர்வு. முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியது. 2025 ஜனவரி 1 முதல் அமலான பாரதிய வாயுயான் அதினியம் அந்தப் பொறுப்பை டிஜிசிஏவுக்கு மாற்றியது. பழைய வழிகாட்டிகளைப் படிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

கேடட் திட்டத்தில் சேருமுன்பே முதல் நான்கு தாள்களில் இரண்டையாவது முடித்துவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. தேர்வில் இது உங்கள் பக்கம் பேசும். பேட்ச் தள்ளிப்போனால் காத்திருக்கும் காலமும் வீணாகாது.

படி 3: விளம்பரத்தையும் நுழைவுத்தேர்வையும் எதிர்கொள்வது

விளம்பரம் உண்மையா என்று பார்க்க ஒரே வழி: ஏர்லைனின் சொந்தத் தளத்தில், வேலைவாய்ப்புப் பக்கத்தில், அந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். "எனக்கு உள்ளே ஆள் இருக்கு, சீட் உறுதி" என்று முன்பணம் கேட்கும் தரகர்கள் ஒவ்வொரு சேர்க்கையிலும் கிளம்புகிறார்கள்.

உண்மையான திட்டத்திலும் மதிப்பீட்டுக் கட்டணம் திரும்ப வராது. ஆகவே கட்டுமுன் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை: எந்தச் சோதனை நடத்துகிறீர்கள், ஒரு கட்டத்தில் தோற்றால் எத்தனை மாதம் கழித்து மறுபடி எழுதலாம், முடிவு எத்தனை நாளில் வரும், பேட்ச் தொடங்காமல் போனால் இந்த மதிப்பெண் எவ்வளவு காலம் செல்லும். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிறகு வருஷம் ஓடிய பின் "உங்கள் மதிப்பெண் காலாவதியாகிவிட்டது, மறுபடி கட்டணம் கட்டுங்கள்" என்று கடிதம் வரும்போது கோபம் வருகிறது.

கணினிச் சோதனைகளில் அதிகம் சந்திப்பது அடாப்ட், காம்பஸ் போன்றவை. காம்பஸில் ஜாய்ஸ்டிக்கையும் பெடலையும் கையாளும் கட்டுப்பாடு, ஸ்லாலம், நினைவாற்றல், மனக்கணக்கு, திசையறிதல், ஒரே நேரத்தில் பல வேலை என்று ஆறு பகுதி. மனக்கணக்கு பெரும்பாலும் நேரம், வேகம், தூரம்தான்: 420 நாட் வேகத்தில் 20 நிமிடம் போனால் 140 கடல் மைல் என்பது பேனா எடுக்காமல் வர வேண்டும். ஒரு மாதம் தினமும் அரைமணி நேரம் செய்தால் வந்துவிடும். குழு விவாதத்தில் வீழ்பவர்களில் நன்றாகப் பேசுபவர்களே அதிகம், அடுத்தவரைப் பேச விடாததால்.

படி 4: எல்ஓஐ என்ற கடிதத்தைப் படிக்கும் விதம்

இங்கே நிதானமாக இருங்கள். ஒரு வழக்கறிஞரிடம் ஐந்தாயிரம், பத்தாயிரம் கொடுத்துப் படிக்கச் சொல்வது இந்தப் பயணத்தின் மிக மலிவான செலவு. "நாளைக்குள் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் சீட் போய்விடும்" என்பது எப்போதும் சொல்லப்படும் வாசகம். இரண்டு நாள் அவகாசம் கேட்டதற்காகத் தேர்வான ஒருவரைத் தள்ளும் திட்டம், பின்னால் உங்களை எப்படி நடத்தும் என்பதை அப்போதே காட்டிவிட்டது.

எல்ஓஐ என்பது நியமன ஆணை அல்ல. "நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டு" என்ற சொற்றொடர் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அது இருக்கும்வரை ஏர்லைன் உங்களை எடுத்தே தீர வேண்டும் என்று வாதாடுவது கடினம். அந்தச் சொற்றொடரை நீக்கச் சொல்லி யாரும் வென்றதில்லை, அதனால் அதைச் சுற்றியுள்ளவற்றைப் பாருங்கள்.

காலக்கெடு இருக்கிறதா? கையெழுத்திட்ட நாளிலிருந்து இத்தனை மாதத்துக்குள் உரிமம் பெற வேண்டும் என்று இருந்தால், பள்ளியில் விமானம் பழுதாகி நின்ற மாதங்களும் உங்கள் தலையில்தான் விழும். "பள்ளியால் வரும் தாமதம் இதில் சேராது" என்ற ஒரு வரியைச் சேர்க்கக் கேளுங்கள். இது சில சமயம் கிடைக்கும்.

தகுதி அளவுகோல் எண்ணில் இருக்கிறதா, "நிறுவனத்துக்குத் திருப்தியாக" என்று இருக்கிறதா? எத்தனை மறுதேர்வு அனுமதி, கூடுதல் பறக்கும் மணிக்கு என்ன விலை, யார் நிர்ணயிப்பது?

இடையில் நின்றால் பணம்? நீங்களாக விலகுவது, பள்ளி நீக்குவது, மெடிக்கலில் தகுதி இழப்பது, ஏர்லைன் திட்டத்தையே நிறுத்துவது என்று நான்கு நிலை. நான்குக்கும் தனித்தனியாக எவ்வளவு திரும்பும் என்று எழுதியிருக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் முதல் மூன்று மட்டும் இருக்கும்.

ஏர்லைன் அழைக்காவிட்டால் நீங்கள் வேறு ஏர்லைனில் சேரலாமா? சேரக் கூடாது, ஆனால் அழைப்பதற்குத் தேதியும் கிடையாது என்று ஒரு ஒப்பந்தம் சொன்னால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாது என்கிறது. ஆனாலும் அதை நிரூபிக்க நீதிமன்றம் போக வேண்டும். "எல்ஓஐ நிபந்தனை நிறைவேறி இத்தனை மாதத்தில் அழைப்பு வராவிட்டால் கேடட் விடுவிக்கப்படுவார்" என்ற வரி இருந்தால் அந்த வேலையே இல்லை.

பாண்டு, அதாவது இத்தனை காலம் வேலையில் இருப்பேன் என்ற உறுதி, எந்த நாளில் தொடங்குகிறது? சேர்ந்த நாளிலா, பயிற்சி முடிந்து வழக்கமான பணியில் பறக்க அனுமதி பெறும் லைன் ரிலீஸ் நாளிலா? இரண்டுக்கும் இடையே பல மாதம் இருக்கலாம். ஆண்டுக்காண்டு தொகை குறைகிறதா? அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமா, வெற்றுக் காசோலை கேட்கிறார்களா? வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள், தொகையும் தேதியும் நிரப்பிக் கொடுங்கள். பாண்டு செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்பி இறங்க வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சப் பணிக்காலமும் 2 லட்சம் ரூபாய் ஈடும் கேட்ட நிபந்தனையைச் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அதே சமயம் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான ஈடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் பார்க்கும். இது தவிர, டிஜிசிஏ 2017-இல் கொண்டுவந்த விதிப்படி முதல்நிலை அதிகாரிக்கு (துணை விமானிக்கு) 6 மாதமும் கேப்டனுக்கு 12 மாதமும் நோட்டீஸ் காலம்.

கடைசியாக, ஏர்லைனே இல்லாமல் போனால்? இது கற்பனைக் கேள்வி அல்ல. கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதமும் பறப்பதை நிறுத்தின. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது. இணைப்பு நடந்தால் கடிதத்தின் பொறுப்பு புதிய நிறுவனத்துக்குப் போகும் என்று எழுதியிருக்க வேண்டும். திவால் நடைமுறையில் முன்பணம் கட்டிய கேடட், பிணை இல்லாத கடன்காரர்களின் நீண்ட வரிசையில் ஒருவர். அதனால்தான் அடுத்த படி.

படி 5: பணத்தை எப்போது, யாருக்கு

தனியாகப் பள்ளியில் சேர்ந்து இந்தியாவில் சிபிஎல் எடுக்க ஏறத்தாழ 50 லட்சத்திலிருந்து ஆகிறது. ஏர்லைன் பெயர் போட்ட கேடட் திட்டம், டைப் ரேட்டிங்கையும் சேர்த்து ஒரு கோடியைத் தொடும், தாண்டவும் செய்யும். டைப் ரேட்டிங் கழித்தும் மிஞ்சும் வித்தியாசம் எல்ஓஐக்கு நீங்கள் தரும் விலை. அந்தக் கடிதம் அந்த விலைக்குத் தகுமா என்பதை முந்தைய படியில் படித்த வரிகளை வைத்துத் தீர்மானியுங்கள்.

தவணையைத் தேதியோடு கட்டாதீர்கள், முன்னேற்றத்தோடு கட்டுங்கள்: தரைப்பாடம் முடிந்ததும் ஒன்று, முதல் சோலோ (தனியாகப் பறப்பது) முடிந்ததும் ஒன்று, 100 மணியில் ஒன்று, 200 மணியும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) முடிந்ததும் ஒன்று. பள்ளிகள் முதலில் மறுக்கும். முழுத்தொகைக்குத் தள்ளுபடி என்று ஆசை காட்டும். அந்தத் தள்ளுபடி, உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடியை விட்டுக்கொடுப்பதற்கான கூலி. டைப் ரேட்டிங் பணத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் சிமுலேட்டர் தேதி எழுத்தில் வரும் முன் கட்ட வேண்டாம்.

2024 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில், டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட பறக்கும் பயிற்சிக்கு வரிவிலக்கு உண்டு என்று தெளிவுபடுத்தியது. பில்லில் பயிற்சிக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஏறியிருந்தால் காரணம் கேளுங்கள்.

கல்விக்கடன் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் பிணைச் சொத்து கேட்பார்கள். தவணை விலக்கு பொதுவாகப் படிப்புக்காலமும் அதற்குப் பின் ஓராண்டும். வங்கிக்குக் கொடுக்கும் படிப்புக்காலத்தைப் பள்ளியின் பிரசுரத்திலிருந்து எடுக்காதீர்கள், அடுத்த படியில் வரும் கணக்கிலிருந்து எடுங்கள். கல்விக்கடனுக்கான வட்டிக்கழிவு பழைய வரிமுறையில்தான் கிடைக்கும். மொத்தத் தொகையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்தைத் தொடாமல் ஒதுக்குங்கள்: கூடுதல் மணிநேரம், நீளும் ஹாஸ்டல் மாதங்கள், ரேட்டிங் புதுப்பிப்பு எல்லாம் அதில்தான் ஓடும்.

படி 6: பள்ளியில் எவ்வளவு நாள் ஆகும் என்று நீங்களே கணக்கிடுங்கள்

சிபிஎல்லுக்கு மொத்தம் 200 மணி. அதில் 100 மணி தலைமை விமானியாக, 20 மணி கிராஸ் கன்ட்ரி (ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பறப்பது), அதற்குள் 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு பயணம், 10 மணி இன்ஸ்ட்ருமென்ட், 5 மணி இரவு. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குத் தனியாக 50 மணி கிராஸ் கன்ட்ரி, 40 மணி இன்ஸ்ட்ருமென்ட் நேரம், அதில் பாதிவரை சிமுலேட்டரில்.

பள்ளியில் பறக்கும் நிலையில் உள்ள விமானம் 10 என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மாதம் 60 மணி பறந்தால் மொத்தம் 600 மணி. மாணவர் 60 பேர் என்றால் ஆளுக்கு மாதம் 10 மணி. 200 மணிக்கு 20 மாதம். பிரசுரத்தில் 12 மாதம் என்று இருக்கும். பதிவேட்டில் உள்ள விமான எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், இன்று காலை பறக்கத் தயாராக லைனில் நின்றவை எத்தனை என்று கேளுங்கள். 100 மணிப் பரிசோதனைக்கு நிற்பவை, உதிரிப்பாகத்துக்குக் காத்திருப்பவை கழிய வேண்டும். மத்திய இந்தியாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை நாட்களைத் தின்னும், வடக்கே டிசம்பர், ஜனவரிப் பனிமூட்டம் தின்னும். நேரில் போய், உணவகத்தில் சீனியர் மாணவர் இரண்டு பேரிடம் "போன மாதம் எத்தனை மணி பறந்தீர்கள்" என்று கேட்டாலே மேற்படி கணக்குக்கு விடை கிடைத்துவிடும்.

டிஜிசிஏ 2025 அக்டோபர் முதல் பறக்கும் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது. முதல் பட்டியலில் மேல் இரண்டு தரத்திலும் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. அதைப் பார்த்துவிட்டுச் சேருங்கள், அதை மட்டும் நம்பியும் சேராதீர்கள்.

வெளிநாட்டில் பயிற்சி என்றால் பறப்பது வேகமாக முடியும், உரிம மாற்றம் இழுக்கும். அந்த நாட்டு ஆணையம் உரிமத்தைச் சரிபார்த்துப் பதில் அனுப்ப வேண்டும். இங்கே மாற்றுத் தேர்வும் ஆர்டிஆரும் எழுத வேண்டும். திரும்பி வந்தபின் அடுத்த வாரமே ஏர்லைன் என்று கணக்குப் போடாதீர்கள்.

லாக்புக்கை அன்றன்றே எழுதி, மாதம் ஒருமுறை பயிற்றுநர் கையெழுத்தோடு படமெடுத்து வையுங்கள். பறக்காத மணியை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள். 2011-இல் போலிச் சான்றிதழ் விவகாரத்தில் விமானிகள் கைதானதை இந்தத் துறை மறக்கவில்லை.

படி 7: உரிமம் வந்த பிறகு வரும் மௌனம்

அதிகம் பேரை வதைக்கும் கட்டம் இதுதான். சிபிஎல் கையில், எல்ஓஐ பையில், அழைப்பு இல்லை. மின்னஞ்சலுக்கு "உரிய நேரத்தில் தெரிவிப்போம்" என்ற ஒரே பதில். காரணத்தைத் தெரிந்துகொண்டால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று புரியும்.

ஒரு முழு அசைவுச் சிமுலேட்டர் நாளில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடும். 4 மணிக்கு ஓர் அமர்வு, அமர்வுக்கு இரண்டு பேர், ஆக நாளைக்குப் பத்துப் பேர். இதே இயந்திரத்தில்தான் ஏற்கெனவே பணியில் இருக்கும் விமானிகளின் அரையாண்டுச் சோதனையும் நடக்கிறது. அவர்களுடைய தேதி தவறினால் நாளைய விமானம் நிற்கும். கேடட் தேதி தவறினால் கேடட் மட்டும்தான் நிற்பார். ஆகவே வரிசையில் கேடட்டுக்குக் கடைசி இடம். சிமுலேட்டர் முடிந்தாலும் பயணிகளோடு பறக்கும்போது பக்கத்தில் பயிற்சிக் கேப்டன் வேண்டும், அவர்கள் எண்ணிக்கை எப்போதும் குறைவு. புதிய விமானங்கள் தாமதமாக வருவதும், 2023-இல் தெரியவந்த பிராட் அண்ட் விட்னி இன்ஜின் உலோகத்தூள் குறைபாட்டால் ஏ320 நியோ விமானங்கள் தரையில் நின்றதும் இதே வரிசையை இன்னும் நீட்டின.

விமானி பற்றாக்குறை என்று செய்தி வரும்போது கேடட்டுகள் துள்ளுகிறார்கள். 2025 டிசம்பர் தொடக்கத்தில், பணிநேர ஓய்வு விதிகளின் இரண்டாம் கட்டம் அமலான பிறகு, இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. அப்படிப்பட்ட பற்றாக்குறையை உடனே அடைக்கக்கூடியவர்கள் கேப்டன்களும், அதே விமான வகையில் ஏற்கெனவே பறந்தவர்களும்தான். 200 மணி கேடட் லைனுக்கு வரப் பல மாதம் ஆகும்.

ஆகவே "எப்போது அழைப்பீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: சேர்க்கை வரிசை எதை வைத்து, பேட்ச் தேதியா, உரிமம் வந்த தேதியா, ஆவணம் முழுமையான தேதியா? அந்த வரிசையில் என் எண் என்ன? அடுத்த டைப் ரேட்டிங் பேட்ச் எந்தக் காலாண்டில் திட்டம்? என் கோப்பில் ஏதாவது ஆவணம் பாக்கியா? கடைசிக் கேள்வி முக்கியம். கோப்பு "முழுமையற்றது" என்று கிடப்பதை யாரும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். தொலைபேசியில் பேசினால் அன்றே "இன்று நீங்கள் சொன்னது இதுதான்" என்று மின்னஞ்சல் போடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருங்கிணைப்பாளர் போட்ட செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அவர் வேலை மாறிப் போய்விடுவார்.

இதற்கிடையில் காலாவதிகளைக் காலண்டரில் குறியுங்கள். கிளாஸ் 1 மெடிக்கல் 12 மாதம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் 12 மாதம், புதுப்பிக்கப் பறந்து காட்ட வேண்டும், அதற்குப் பணமும் பள்ளியில் இடமும் தேவை. ஆங்கிலப் புலமை நிலை 4-க்கும் காலாவதி உண்டு. சிபிஎல் மட்டும் 2023 திருத்தத்துக்குப் பிறகு 10 ஆண்டு செல்லும். எதுவும் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். திடீரென்று அழைப்பு வந்து, ஐந்து நாளில் வரச் சொல்லி, அன்று ரேட்டிங் செத்திருந்தால் இடம் போனதற்கு ஏர்லைன் பொறுப்பில்லை.

காத்திருக்கும் எரிச்சலில் சொந்தப் பணத்தில் டைப் ரேட்டிங் எடுக்க ஓடாதீர்கள். 15 முதல் 25 லட்சம் வரை ஆகும். எடுத்த கையோடு பறக்காவிட்டால் பழக்கம் விட்டுப்போய் மறுபடி சிமுலேட்டருக்குப் பணம் கட்ட வேண்டும். ஏ320 எடுத்தவரை போயிங் 737 வைத்திருக்கும் ஏர்லைன் அதற்காக எடுக்கப்போவதும் இல்லை.

படி 8: முறையீடு, விலகல்

எங்கே போகக் கூடாது என்பதை முதலில். ஏர்சேவா பயணிகளின் குறைகளுக்கானது. டிஜிசிஏ எந்த ஏர்லைனையும் ஆள் எடுக்கச் சொல்லாது. ஆனால் பள்ளி விமானம் தராமல் இழுத்தடிப்பது, மணிநேரக் குளறுபடி, தகுதியற்ற பயிற்றுநர் போன்றவற்றை டிஜிசிஏவின் பறக்கும் பயிற்சி இயக்குநரகத்துக்கு எழுதலாம். பதில் இல்லையென்றால் மத்திய அரசின் குறைதீர்க்கும் தளமான சிபிகிராம்ஸில் பதியலாம். தகவல் உரிமைச் சட்டம் டிஜிசிஏவிடம் செல்லும், தனியார் ஏர்லைனிடம் செல்லாது.

பணம் திரும்பப் பெறுவதற்கு வரிசை இது: பள்ளிக்கு 30 நாள் கெடுவோடு கடிதம், ஏர்லைனின் பயிற்சித் துறைக்கும் மனிதவளத் துறைக்கும் நகல், பிறகு வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். ஒப்பந்தத்தில் "குருகிராம் நீதிமன்றம் மட்டுமே" என்று இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்தில் புகார் தரலாம். மதுரைக்காரர் மதுரையிலோ சென்னையிலோ தொடங்கலாம். நடுவர் மன்ற ஷரத்தும் இதைத் தடுக்காது. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று அந்தக் கெடுவைத் தாண்டவிடாதீர்கள். எதிர்த்தரப்பு "கல்வி நிறுவனம் சேவை வழங்குநர் ஆகாது" என்று நிச்சயம் வாதிடும். அதற்குப் பதிலாகச் சேவைக் குறைபாட்டை உருப்படியாகக் காட்ட வேண்டும்: வாக்களித்த மணிநேரம், பறந்த மணிநேரம், எழுதிய மின்னஞ்சல், வராத பதில். ஒரே பேட்சில் பலர் பாதிக்கப்பட்டிருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு கூட்டாகப் புகார் தரலாம், செலவும் பங்காகும்.

சமூக ஊடகத்தில் ஏர்லைனைப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தில் ரகசியக்காப்பு ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் துறை சிறியது, ஓர் ஏர்லைனின் ஆள்சேர்ப்பு அதிகாரி அடுத்த ஆண்டு இன்னொன்றில் இருப்பார்.

விலகுவதென்று முடிவெடுத்தால், ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டியவை: சான்றொப்பமிட்ட லாக்புக் பக்கங்கள், பயிற்சிப் பதிவேட்டின் நகல், பாக்கி இல்லை என்ற சான்று, கட்டிய எல்லாத் தொகைக்கும் ரசீது, பள்ளியில் ஒப்படைத்த அசல் மதிப்பெண் சான்றிதழ்கள். வேறு ஏர்லைன்களின் நேரடி விண்ணப்பத்துக்கும், வழக்குக்கும், வங்கிக்கும் இதே கட்டுத்தான் தேவைப்படும். கடிதத்தில் "சொந்தக் காரணங்களால்" என்று எழுதாதீர்கள். தாமதத்தின் தேதிகளைக் குறிப்பிட்டு, அதனால் விலகுகிறேன் என்று எழுதுங்கள். பணம் திரும்பும் விகிதம் அந்த ஒரு வரியைப் பொறுத்தே மாறும்.